கும் தந்த லேப்டாப்

தோன்காவைப் போன வாரம் சமையலறையில், ஒரு கையில் போனும் மறு கையில் பானிட்ஸா மாவுமாக விட்டுவிட்டு வந்தோம். போனில் பேசியவர் ஹரலாம்பி. "புதன்கிழமை வியாராவோட பெயர்நாள் இல்ல? நான் வர்றேன். அந்தச் சாமானோட வர்றேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

பெயர்நாள் என்றால் ஒருவர் பெயரிலுள்ள புனிதருக்கு உரிய நாள். அந்தச் சாமான் என்றால் லேப்டாப். நான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் சொன்னால் சண்டை வந்தது.

மே மாதம் தோன்காவின் மகள் வியாரா பள்ளிக்கூடம் முடித்தபோது வீட்டு முற்றத்தில் வழியனுப்பு விருந்து நடந்ததே, நினைவிருக்கும். தரையைக் கூட்டுகிற பச்சை கவுன், நாற்பத்திரண்டு விருந்தாளிகள், ஒரு கிளாரினெட்காரர், முடித்த வகுப்புகளைத் தெருவே அதிர ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிக் கத்திய வகுப்புத் தோழிகள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹரலாம்பி எழுந்து நின்று, கிளாஸைக் கரண்டியால் தட்டினார். "புள்ள தலைநகருக்கு, சோபியாவுக்குப் படிக்கப் போறா. லேப்டாப் என் பொறுப்பு. யாரும் குறுக்க வரக் கூடாது!"

யாரும் குறுக்கே வரவில்லை. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பி, லேப்டாப்புக்கு என்று எடுத்துவைத்திருந்த பணத்தைத் தோன்காவும் அவள் கணவன் பிளாமெனும் ஆட்டுக்குட்டிக்கும் கிளாரினெட்காரருக்கும் கொடுத்துத் தீர்த்தார்கள்.

ஹரலாம்பி அவர்களுக்குக் கும், அதாவது ஞானத்தந்தை. கல்யாணத்தில் இவர்கள் தலைக்கு மேல் கிரீடம் பிடித்தவர். பிறந்த வியாராவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவர். கும் சொன்னதைக் கும்முக்கு நினைவூட்டுவது, பாதிரியாரிடம் பிரசங்கம் எப்போது முடியும் என்று கேட்பதைப் போன்றது. போதாததற்கு பிளாமென் வேலை பார்க்கும் ஜன்னல் தொழிற்சாலை அவருடையது. தோன்கா நூலகராகவும் செயலாளராகவும் இருக்கும் பெலோடோல் ஊர் வாசகசாலைக்குத் தலைவரும் அவர்தான். ஊரில் அவர் தலைவராக இல்லாத இடம் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். அங்கேயும் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை. தோன்கா பானிட்ஸாவுக்கு அடுக்கடுக்காக மாவை விரித்துப் பாலாடைக்கட்டி தூவிக்கொண்டிருந்தபோது வியாரா காலணியோடு வந்து நின்றாள்.

"பதினோரு மணி பஸ்ல விராட்சா போறேம்மா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"இன்னைக்கு உன் பெயர்நாள்டி. ஆளுங்க வருவாங்க. நீ இல்லாம நான் யாருக்கு வாழ்த்து வாங்கறது?"

"சாயங்காலம்தானே வருவாங்க? கடைக்காரர் இன்னைக்கு ஏழு மணி வரைக்கும்தான் எடுத்து வெப்பாராம்."

வியாரா கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பதினேழு லேப்டாப்புகளைப் பற்றி எழுதிப் பதினாறை அடித்திருந்தாள். கோடை முழுவதும் கடலோர ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றிச் சம்பாதித்தது அவள் பணம். ஒவ்வொரு விரிப்புக்கும் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு லேப்டாப்பையும் துணியை உதறிப் பார்ப்பதுபோல உதறிப் பார்த்திருந்தாள்.

"கும் கொண்டு வர்ற நேரத்துல இன்னொண்ணு நம்ம வீட்ல இருந்தா நல்லாவா இருக்கும்? அவர் முகத்தை எங்க வெச்சுக்குவார்?"

"எப்பவும் வெச்சுக்கற இடத்துலதான். அது என்ன, ஒளிச்சு வெக்கற அளவு சின்ன முகமா?"

தோன்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு மாவின் மேல் முட்டையை ஊற்றினாள்.

"என்ன மாதிரி லேப்டாப்புன்னாவது கேட்டியா?"

"சும்மா தர்றவர்கிட்ட ராம் எவ்வளவுன்னு கேக்க முடியுமாடி?"

"நில அளவை படிக்கப் போறேன்மா. முதல் வாரத்துலேர்ந்தே வரைபடம் போடணும். பதினாறு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டுன்னு பட்டியலே அனுப்பியிருக்காங்க. ஒண்ணாம் தேதி அது இல்லாம உக்காந்தேன்னா, எல்லாரும் மலையை வரைவாங்க, நான் மலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

பின்வாசலில் பிளாமென் தொண்டையைச் செருமினான். பெயர்நாளுக்காகக் கும்மே அவனுக்கு லீவு கொடுத்திருந்தார். பிளாமென் யாரோடும் சண்டை போடாதவன். இரண்டு பேர் சண்டை போட்டால் இருவருக்கும் பாதிப் பாதி சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். "நான் கார்ல கூட்டிட்டுப் போறேன். பாத்துட்டு வருவோம். வாங்க வேணாம். பாக்கறதுக்கு யாரு கோவிச்சுக்கப் போறாங்க?"

பாதிப் பாதி. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

விராட்சா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது கடை. முன்பு செருப்புக் கடையாக இருந்த இடம். லேப்டாப்புகள் இன்னமும் ஜோடி ஜோடியாகவே அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் மெத்தோடி, காதில் திருப்புளி செருகிய ஒல்லி மனிதர்.

வியாரா கேட்ட லேப்டாப்பை அவர் மேசைமேல் வைத்தார். கறுப்பு. மூடியில் ஒரு கீறல். பிளாமென் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தான். விரலால் மூடியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். ஜன்னல் சட்டத்தை அப்படித்தான் பார்ப்பான்.

"ஜெர்மனியிலேர்ந்து வந்ததா?"

"பெல்ஜியம். ஒரு கட்டட ஆபீஸ்ல இருந்தது."

பிளாமெனின் முகம் விழுந்துவிட்டது. "ஜெர்மன் இல்லையா?"

"பெல்ஜியத்துக்காரனும் நாற்காலியிலதாங்க உக்காருவான்."

"எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு?"

"அவங்க ஊர் வரிசை அது. நம்ம எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன். அதுக்குக் காசு இல்ல."

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றாள் வியாரா.

"மூணு மணி நேரம். எதிர்க் கடையில கேட்டா ஆறும்பாங்க."

வியாரா பையிலிருந்து பென் டிரைவ் எடுத்தாள். பள்ளி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய மலைச்சரிவு வரைபடம் அதில் இருந்தது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அதைத் திறக்கப் போய், பெருமூச்சு விட்டு நின்றுபோயிருந்தது. இங்கே விசிறி ஒருமுறை உறுமியது. பிறகு திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து மலையாக நின்றன. அவள் மலையைச் சுழற்றினாள். அது சுழன்றது.

பிளாமென் திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். சோபியாவில் இடம் கிடைத்த பட்டியல் வெளியான அன்று இந்த முகத்தைப் பார்த்திருந்தான்.

விலைச்சீட்டில் மேலே எழுநூற்று நாற்பது லெவா என்றும் கீழே முந்நூற்று எழுபத்தெட்டு யூரோ என்றும் இருந்தது. ஜனவரியில் லெவா போய் யூரோ வருகிறது, அதனால் ஆகஸ்டிலிருந்து எல்லாக் கடையிலும் இப்படித்தான். "கீழ இருக்கற விலை நல்லா இருக்கே. அதையே வெச்சுக்கலாமே?" என்றான் பிளாமென்.

"ஜனவரிக்கு அப்பறம் அதேதான், வாங்க."

"அப்பா, இப்பவே குடுத்துடறேன்." வியாரா பர்ஸைத் திறந்தாள்.

பிளாமெனின் உள்ளங்கை பர்ஸின் மேல் வந்து படிந்தது. "கும் என்ன கொண்டு வர்றார்னு பாத்துடுவோம்மா. நல்லதா இருந்தா உன் காசு விடுதிக்கு ஆச்சு. இல்லேன்னா திரும்பி வருவோம். அரை மணி நேர வழிதானே."

மெத்தோடி கடிகாரத்தைக் காட்டினார். "ஏழு மணி. மெஸ்த்ராவிலேர்ந்து ஒருத்தர் ரெண்டு தடவை கேட்டுட்டார். உங்களுக்காக வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். ஏழுக்கு மேல அப்படிச் சொல்ல மாட்டேன்."

வியாரா பர்ஸை மூடினாள். திரும்பும் வழியில் காரில் அவள் பேசவில்லை. பிளாமென் வானிலை நன்றாக இருக்கிறது என்று மூன்று முறை சொன்னான்.

நாலரை மணிக்குக் கும்மின் ஜீப் வந்தது. அதன் இரு பக்கத்திலும் தொழிற்சாலையின் பெயர். முன்னால் போகிறவர் கண்ணாடியில் படித்து வழிவிட வசதியாக, ஆம்புலன்ஸில் எழுதுவதுபோல் பானெட்டிலும் திருப்பி எழுதியிருந்தார். முதலில் இறங்கியது அவர் மனைவி ஸ்வெட்லாவின் போன். அதன் பின்னால் ஸ்வெட்லா. கும் இறங்குவதை அவள் படம் எடுத்தாள். திருப்தியில்லாமல் மறுபடி ஏறி இறங்கச் சொன்னாள். அவரும் ஏறி இறங்கினார்.

பெட்டியைச் சுற்றி முட்டைக்கோஸ் அளவுக்குச் சிவப்பு ரிப்பன்.

கிளாஸ்களில் ராக்கியாச் சாராயம் ஊற்றியாயிற்று. தக்காளி சாலட் வந்தது. கும் எழுந்து நின்று பேசினார். சாலட்டில் பாலாடைக்கட்டி தண்ணீர் விடும் வரை பேசினார். அந்தப் பேச்சில் அவர் பெயர் ஆறு முறை வந்தது. வியாராவின் பெயர் ஒரு முறை வந்தது, அதுவும் "இன்னைக்கு வியாரா நாளா, நடெஜ்டா நாளா, எல்லாம் ஒரே நாள்தானே" என்ற இடத்தில்.

"கல்விக்குக் குடுக்கறதுல இந்த ஹரலாம்பி கணக்குப் பாக்க மாட்டான்!" என்று முடித்தார். கைதட்ட மூன்று பேர் இருந்தார்கள். தட்டினார்கள். ஸ்வெட்லா ஒரு கையில் போன் வைத்திருந்ததால் தொடையில் தட்டினாள்.

வியாரா ரிப்பனை அவிழ்த்தாள்.

உள்ளே இருந்தது சின்னஞ்சிறியது. நாலு ஓரமும் ரப்பர் வைத்தது, பிள்ளைகள் கீழே போடுவார்கள் என்று எதிர்பார்த்தே செய்ததுபோல. மூடியின் நடுவில் எதையோ சுரண்டி எடுத்த சதுரத் தழும்பு.

"கச்சிதமா இருக்கு" என்றான் பிளாமென், ஜன்னல் சட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல.

"அடடே!" என்று ஸ்வெட்லா மகிழ்ந்து போனாள். "நம்ம வீட்ல இருக்கற மாதிரியேல்ல இருக்கு! நான் சமையல் பாத்துக்கிட்டே செய்யறதுக்கு வெச்சிருக்கேனே! மாவு பட்டாலும் ஒண்ணும் ஆகறதில்லம்மா, பயப்படாத."

கும் இருமினார். "போட்டுக் காட்டு, போட்டுக் காட்டு!"

வியாரா பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சார்ஜ் இல்ல போல. உள்ளயே சார்ஜர் இருக்கு பாரு. என்கிட்ட எல்லாமே முழுசா இருக்கும்."

தோன்கா சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரோரப் பிளக்குக்குக் குனிந்தாள். சார்ஜரின் அடிவயிற்றில் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 417/5.

ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு. ஐந்துக்குப் பூனை வால்போல் ஒரு சுழி. தோன்காவின் சொந்தக் கையெழுத்து.

குனிந்தபடியே இருந்தாள்.

மார்ச் மாதம் நடந்தது இது. ஐரோப்பியப் பணத்தில் வாசகசாலைப் பிள்ளைகளுக்கு ஆறு லேப்டாப். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாலுதான் வந்திருந்தன. கும் ரசீதை நீட்டினார்: "ரெண்டும் என் ஆபீஸ்ல இருக்கு, ப்ரோக்ராம் ஏத்தறாங்க. நீ ஆறுக்கும் கையெழுத்துப் போடு." பொருளுக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் தோன்கா கையெழுத்திட்டாள். எண் ஒட்டாத பொருளைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது விதி. அதனால் ஆறு எண்களையும் எழுதி, வராத இரண்டுக்கும் உரியதைக் கும்மின் கையில் கொடுத்து, "வந்ததும் ஒட்டிடுங்க" என்றும் சொன்னாள்.

பெலோடோலில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். முதலில் காகிதம் வரும், பொருள் பின்னால் நடந்து வரும். சில பொருள்களுக்குக் கால் வலி. வாசகசாலை வாசலில் இந்தத் திட்டத்துக்கு வைத்த பித்தளைப் பலகை மட்டும் குறித்த நாளில் வந்தது. அது ஒரு லேப்டாப்பைவிடப் பெரியது.

அந்த எண் துண்டுகளை வாங்கிய கும் மறந்தாலும், தொழிற்சாலையில் யாரோ ஒரு நல்ல தொழிலாளி சொன்னதைச் சொன்னபடி ஒட்டியிருக்கிறான். பிறகு மூடியிலிருந்த பன்னிரண்டு நட்சத்திர ஐரோப்பிய ஸ்டிக்கரை எவரோ கவனமாகச் சுரண்டியிருக்கிறார்கள். சார்ஜரைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்கா பிளக்கைச் செருகினாள். திரை விழித்தது.

"நாலு ஜிபி" என்று வியாரா மெதுவாகப் படித்தாள்.

"ஒரு ஆளுக்கு நாலு பத்தாதா?" என்று கும் சிரித்தார்.

ஸ்வெட்லா வியாராவின் தோளில் கைபோட்டு, லேப்டாப்பைக் கன்னத்தோடு வைக்கச் சொல்லிப் படம் எடுத்து, அங்கேயே பேஸ்புக்கில் ஏற்றினாள்.

தோன்கா சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு பிளாமெனைச் சமையலறைக்குள் இழுத்தாள். சொன்னாள். பிளாமென் மிளகாய்ச் சட்டியை அடுப்பிலிருந்து நகர்த்தினான்.

"அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு."

"சார்ஜர்ல இருக்கறதைக் கிழிக்கலாம். பதிவேட்டுல இருக்கறதை? திங்கட்கிழமை நகராட்சிக் குழு எண்ணிப் பாக்க வருது பிளாமென். இத்தனை நாளா ஆபீஸ்ல இருக்கு, ஆபீஸ்ல இருக்குன்னு சொல்லிட்டிருந்தார். ஒண்ணு என் வீட்ல. ஒண்ணு ஸ்வெட்லாவோட மாவுல. பொருளை வாங்கினதுக்குக் கையெழுத்து என்னோடது மட்டும்தான்."

"என்னது உங்களோடது?" கும் ஐஸ் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். தோன்கா சார்ஜரைத் திருப்பிக் காட்டினாள்.

கும் அதைப் பார்த்தார். அவருக்கு வெட்கம் வரும் என்று தோன்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. பொறுமையான ஆசிரியரின் முகம் வந்தது.

"தோன்கா, யோசிச்சுப் பாரு. வாசகசாலை லேப்டாப் யாருக்கு? புள்ளைங்களுக்கு. வியாரா யாரு? புள்ள. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்திருக்கு. இதுல தப்பு எங்க இருக்கு?"

"திங்கட்கிழமை வருவாங்க, கும்."

"திங்கட்கிழமை காலைல பையில போட்டு எடுத்துட்டுப் போ. சாயங்காலம் திருப்பி எடுத்துட்டு வா. இன்னொண்ணை நான் கொண்டு வர்றேன். எண்ணினா ஆறு. அவங்க எண்ணத்தானே வர்றாங்க, பேட்டி காணவா வர்றாங்க?" ஐஸைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் பிளாமெனின் முதுகில் தட்டினார். "இந்தக் குளிர்காலம் ஆர்டர் கம்மியாத்தான் இருக்கும்போல. எத்தனை பேரை வெச்சுக்க முடியும்னு பாக்கணும்."

அன்பாகத்தான் தட்டினார். கதவுக்குப் பக்கத்தில் வியாரா நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. தோன்கா கவனித்தாள்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

தோன்கா அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நின்றபடியே, மாவு படிந்த மேசையில் நாலு வரி எழுதினாள். இருபது வருடம் ரசீது எழுதிய கை, யோசிக்கவே இல்லை. தாளோடு கூடத்துக்குப் போனாள்.

"கும், எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கணும்னு நீங்கதான் சொல்வீங்க. பரிசுக்கும் ஒண்ணு எழுதியிருக்கேன்."

"எழுதினியா!" என்று ஸ்வெட்லா உருகினாள். "படி, படி, வீடியோ எடுக்கறேன்."

தோன்கா படித்தாள். "ஹரலாம்பி கோச்செவ் ஆகிய நான், எண் 417/5 கொண்ட ஒரு லேப்டாப்பை, என் ஞானஸ்நான மகள் வியாராவுக்கு அவளுடைய பெயர்நாளில் பரிசாகக் கொடுக்கிறேன். செப்டம்பர் பதினேழு. கொடுத்தவர் கையெழுத்து."

"எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாருங்க! போடுங்க, கையெழுத்துப் போடுங்க."

கும்மின் சட்டைப் பையில் எப்போதும் தங்க மூடிப் பேனா ஒன்று இருக்கும். பழக்கத்தில் கை தானாக அதை எடுத்துவிட்டது. மூடியைக் கழற்றியும் விட்டது. பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது.

"வீடியோவ நிறுத்து."

"ஏங்க? வெளிச்சம் நல்லா இருக்கே?"

"நிறுத்துன்னு சொன்னேன்!"

ஸ்வெட்லா போனை இறக்கினாள். கும் குரலைத் தணித்தார். "நெருங்கினவங்களுக்குள்ள பேப்பர் எதுக்கு தோன்கா?"

"மார்ச்சுல நாம நெருங்கினவங்களா இல்லையா, கும்?"

பிளாமென் தன் கிளாஸுக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டான்.

கும் பேனாவை மூடினார். எழுந்தார். எழுந்தபோதும் ஒரு சொற்பொழிவு வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருமே நினைத்திருக்கலாம், வாயைத் திறந்தார். "குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கில்ல" என்பதோடு அது நின்றுவிட்டது. ஸ்வெட்லா ஒன்றும் புரியாமல், யாரும் சாப்பிடாத பானிட்ஸாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் பின்னால் போனாள். ஜீப் புறப்பட்டது. படம் பேஸ்புக்கிலேயே இருந்தது. அதற்குள் அறுபது பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?" என்றான் பிளாமென், மேசையைப் பார்த்து.

தோன்கா கார்ச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"போங்க" என்றாள் தோன்கா. "ஏழு மணிக்கு மூடிடுவான்ல? போங்க ரெண்டு பேரும்."

"நீ?"

"எனக்கு வாசகசாலையில ஒரு வேலை இருக்கு."

அவர்கள் கார் விராட்சா சாலையில் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு ரப்பர் ஓர லேப்டாப்பையும் சார்ஜரையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரே வந்த இரண்டு பேர், பொண்ணுக்குக் கும் லேப்டாப் வாங்கித் தந்தாராமே என்று வாழ்த்தினார்கள். நன்றி சொன்னாள்.

வாசகசாலை அலமாரியில் நாலு லேப்டாப்புகள் இருந்தன. எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். பையிலிருந்ததை ஐந்தாவதாக அடுக்கினாள். பூட்டினாள்.

பிறகு பதிவேட்டை எடுத்தாள். மார்ச் பக்கம். "லேப்டாப் - 6." அவள் கையெழுத்து, பக்கத்தில் தலைவரின் கையெழுத்து, அது இரண்டு வரி இடத்தை அடைத்திருந்தது.

திருத்தம் செய்ய விதி இருக்கிறது. பழைய எண் படிக்கும்படியாக ஒரே கோட்டில் அடிக்க வேண்டும். மேலே சரியான எண். ஓரத்தில் காரணம், தேதி, கையெழுத்து, முத்திரை. இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று செய்ததில்லை.

ஆறை அடித்தாள். மேலே 5 என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. "ஆறாவது எனக்கு ஒப்படைக்கப்படவில்லை. பார்க்காமல் கையெழுத்திட்டேன்." முத்திரையை நீல மையில் ஒற்றி அழுத்தினாள்.

போன் அடித்தது. வியாரா.

"அம்மா, கடை திறந்துதான் இருக்கு. எடுத்து வெச்சிருக்கார். ஸ்டிக்கர்கூட ஒட்டிட்டார்."

"அப்ப என்னடி?"

"அப்பா உன்னைக் கேக்கச் சொல்றார்." பின்னால் பிளாமெனின் குரல், நீயே சொல்லு, நீயே சொல்லு என்றது. "அந்த ஆறாவதுக்கு நீ பணம் கட்டற மாதிரி வந்துட்டா... நம்ம வீட்ல இப்ப இருக்கறது இந்தப் பணம்தானாம். அப்பாவுக்கும் வேலை எப்படின்னு தெரியல. அதனால..."

"அதனால?"

"வேணாம்னா சொல்லிடு. நான் வேற ஏதாவது... லைப்ரரியில கம்ப்யூட்டர் இருக்குமில்ல."

தோன்காவுக்குப் பதிவேட்டின் அந்த வரி கண்ணில் பட்டது. நகராட்சிக் குழு வந்தால் முதலில் யாரைக் கேட்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. மகளின் பணத்தைத் தொடாமல் அதற்குப் பதில் சொல்ல அவளிடம் வழி எதுவும் இல்லை.

"உனக்கு வேணுமா?"

மறுமுனையில் மெத்தோடி யாரிடமோ, "அஞ்சு நிமிஷம் இருங்க, முடிவு பண்ணிட்டிருக்காங்க" என்பது கேட்டது. மெஸ்த்ராக்காரர் வந்துவிட்டார்போல.

"வேணும்மா" என்றாள் வியாரா. சின்ன வயதில் கடைவீதியில் கேட்ட அதே அளவு குரலில்.

பயம் முந்திக்கொள்வதற்குள் தோன்கா சொன்னாள்: "வாங்கு."

"அம்மா..."

"வாங்குடி. ரசீது கேட்டு வாங்கு. எண்ணி, பாத்து, அப்பறம் கையெழுத்துப் போடு."

போனை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி மெல்ல வந்து நின்றது. கண்ணாடி வழியே பானெட்டின் திருப்பிப்போட்ட எழுத்துகள் தெரிந்தன. கதவு திறந்து மூடும் ஓசை. ஒருவரா இருவரா என்று தெரியாத காலடிகள் படியேறின. கும் கையில் அந்த ஆறாவதைக் கொண்டுவருகிறாரா, வெறுங்கையோடு வருகிறாரா என்பதும் தெரியவில்லை.

தோன்காவின் கை பதிவேட்டின் அட்டைக்குப் போனது. முத்திரையின் நீலம் இன்னும் ஈரமாக இருந்தது. இப்போது மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

திறந்தே வைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.